சுட ஆள் வேணும்

"நீங்கள்தானோ சுட வந்த ஆள்?"

மழைக்குள் இருந்து நிமிர்ந்து பார்த்த தில்லைநாதனுக்கு முதலில் தெரிந்தது கண்கள். இரண்டாவதாகத் தெரிந்ததும் கண்கள்தான். கேள்வி ஒன்று கேட்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பதில் என்று ஒன்று சொல்ல வேண்டும் என்பது மூன்றாவதாகத்தான் தெரிந்தது...

"ஓம்... நான்தான்."

அவனுடைய வலக்கையில் ஒரு மூடி போட்ட வாளி. அதற்குள் தோசை மா. இடக்கையில் துணிப்பை. அதற்குள் தோசைக்கல். குடை பிடிக்கக் கடவுள் மூன்றாவது கை தராததால் எண்பத்தேழாம் ஆண்டின் வைகாசி மழை முழுவதும் அவன் தலையில்தான் பெய்துகொண்டிருந்தது.

இன்டர்லாக்கன் விடுதி ஒன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுவது அவன் உத்தியோகம். ஆனால் புகழ் வேறு விடயத்தில். ஊழியர் குடியிருப்பில் அவன் தோசை சுட்டால் அடுத்த மாடிப் போர்த்துக்கல்காரர்கூடத் தட்டோடு வந்து நிற்பார். அதனால்தான் அறைத்தோழன் யோகராஜா, "மச்சான், எங்கடை சலவைப் பகுதியிலை வேலை செய்யிற ஜெயகௌரி எண்ட பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சுட ஆள் வேணும் எண்டு தேடுது. உன்னைச் சொல்லிப்போட்டன்" என்றபோது அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெர்ன் மாநிலத்தில் தமிழ்ப் பெடியள் மலிந்து கிடந்தார்கள். தமிழ்ப் பெண்ணைக் காண்பதோ வெயிலைக் காண்பதைவிட அரிது. அப்படியொருத்தி தோசை கேட்கிறாள் என்றால் உழுந்தை ஊறப்போடுவதா, கேள்வி கேட்பதா?

"நல்லாச் சுடுவீங்களோ?" என்று அவள் கேட்டாள். கழுத்தில் ஏதோ தடித்த வளையம்போல ஒன்று தொங்கியது. பாட்டுக் கேட்கும் கருவியாக்கும்.

"நானே சொல்லக் கூடாது. வட்டம் எண்டால் வட்டம். பிசகாது."

கண்கள் விரிந்தன. "எங்கை பழகினனீங்கள்?"

"அம்மாவிட்டைத்தான்."

"அம்மாவிட்டையோ! அவவும் சுடுவாவோ?"

"ஒவ்வொரு நாளும் விடியக்காலமை. வீட்டிலை ஒன்பது பேர். ஒருத்தரையும் விடமாட்டா."

அவள் அரை அடி பின்னால் போனாள். பிறகு ஏதோ தீர்மானித்தவள்போல, "சரி... உள்ளுக்கு வாங்கோ. மேசை, ரவை எல்லாம் ஆயத்தமா இருக்கு" என்றாள்.

ரவையா? தில்லைநாதனின் தன்மானம் உரசுப்பட்டது. அவன் என்ன, அவசரத்துக்கு ரவைத் தோசை சுடுகிறவனா?

"ரவை தேவையில்லை. நான் உழுந்து கொண்டு வந்திருக்கிறன்."

"உழுந்தோ? உழுந்தை வைச்சு எப்பிடி..."

டப்!

சத்தம் பக்கத்துக் கொட்டகைக்குள் இருந்து வந்தது. ஊரில் கேட்டுப் பழகிய அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்புக்கு ஒரே ஒரு பதில்தான் தெரியும். அடுத்த கணம் அவன் வாளிக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

"என்ன செய்யிறியள்?"

"சப்பாத்துக் கயிறு... அவிண்டுபோச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். அவன் போட்டிருந்தது கயிறே இல்லாத ரப்பர் சப்பாத்து. அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அந்தக் கண்கள் மட்டும் ஒரு நொடி மெத்தென்று ஆகின... "எனக்கும் முதல்நாள் கயிறு அவிண்டது" என்றாள் மெதுவாக.

அப்போதுதான் அவன் சுற்றிலும் பார்த்தான். திறந்த கதவின் உள்ளே சில வெள்ளைக்காரக் கிழவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல மேசைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு மணல் மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு நீண்ட துவக்கு, தலையணையில் படுத்த மைனர்போல.

சுட... ரவை... அட கடவுளே. ரவை என்றால் துவக்கு ரவை, தோட்டா!

இந்த இடத்தில் மானமுள்ள மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்திருப்பான். தில்லைநாதனும் அதற்குத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்...

"துவக்குச் சுடத்தானே வந்தனீங்கள்?"

"பின்னை? வேறை என்னத்துக்கு?"

வாளியையும் பையையும் சிற்றுண்டிச் சாலைக் கணப்பு அடுப்பின் பின்னால் ஒளித்துவிட்டு அவள் பின்னால் போனான்.

போகப் போகத்தான் விடயம் விளங்கியது. அது ஏரிக்கரைக் கிராமம் ஒன்றின் சுடுகழகம். சாதாரணமாக இந்த நாட்டில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். ஆனால் கழகத்தின் தலைவர் ஹெர் புர்க்கிக்கு இடுப்புப் பிடிப்பு. படுத்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். அவர் அமெரிக்காவில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனபோது, மேசையில் துவக்கை வளர்த்தி வைத்து, கதிரையில் இருந்தபடியே சின்ன ரவையால் ஐம்பது மீற்றர் தூரத்துப் புள்ளியைச் சுடுகிற ஒரு விளையாட்டைக் கண்டிருக்கிறார். பெஞ்ச்ரெஸ்ட் என்று பெயர். 'இதுதான் என் இடுப்புக்கு ஏற்ற வீரம்' என்று ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஜெயகௌரி கிழமை நாட்களில் விடுதியில் மேசைத்துணி இஸ்திரி போடுகிறவள். ஞாயிறுகளில் இந்தக் கழகத்தின் சிற்றுண்டிச் சாலையில் கோப்பி ஊற்ற வந்தாள். ஒருநாள் ஹெர் புர்க்கி பகிடிக்கு அவளை மேசையில் இருத்தினார். அவள் சுட்ட ரவைகள் எல்லாம் ஒரே துளையால் போய்விட்டன. பகிடி முடிந்தது. புரட்டாதியில் சோடிப் போட்டி வருகிறது. கிழவர்கள் எல்லோருக்கும் சோடி இருந்தது. அவளுக்குத்தான் ஆள் இல்லை.

"துவக்கைப் பிடிக்கக் கூடாது" என்று அவள் பாடத்தைத் தொடங்கினாள்.

"பிடிக்காமல் எப்பிடிச் சுடுறது?"

"அது தன்ரை பாட்டிலை மூட்டையிலை கிடக்கட்டும். நீங்கள் சும்மா பக்கத்திலை இருங்கோ. கன்னம் பட்டும் படாமலும். விரல் மட்டும் விசையிலை. மூச்சை விட்டு, பாதியிலை நிப்பாட்டுங்கோ."

அவள் அவ்வளவு கிட்ட இருந்தால் மூச்சு தானாகவே நின்றுவிடும் என்பதை அவன் சொல்லவில்லை.

"கண்ணை மூடாதேங்கோ!"

மூடினான். டப்!

தொலைநோக்கியால் பார்த்தவள், அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "உங்கடை அட்டையிலை ஒண்டும் இல்லை" என்றாள் கடைசியில். "ஆனால் பக்கத்து மேசைக்காரரின்ரை அட்டை நடுவிலை வடிவா ஒரு ஓட்டை இருக்கு. அம்மா இப்பிடித்தான் பழக்கினவவோ?"

அந்த நேரம் பார்த்துச் சிற்றுண்டிச் சாலைப் பக்கமிருந்து ஹெர் புர்க்கியின் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கணப்பின் சூட்டில் தோசை மா பொங்கி, மூடியைத் தள்ளி, வாளியின் விளிம்பால் வழிந்து, தலைவருடைய சப்பாத்தைத் தேடி வெள்ளையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

ஜெயகௌரி மாவைப் பார்த்தாள். துணிப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். தோசைக்கல். அவனைப் பார்த்தாள்.

"சுட எண்டு சொல்ல... நீங்கள்..."

"ஓம்."

"அப்ப அம்மா... விடியக்காலமை... ஒன்பது பேர்..."

"ஓம்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வடிய, மூச்சு எடுக்க முடியாமல் சிரித்தாள். வெளியே மழையும் விட்டுவிட்டது. தில்லைநாதனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அதோடு, வாழ்நாள் முழுக்க இப்படி மானம் போனாலும் நட்டமில்லை என்றும் தோன்றியது.

அன்று மத்தியானம் அந்தக் கழகத்தின் கிழவர்கள் முதன்முதலாகத் தோசை சாப்பிட்டார்கள். ஹெர் புர்க்கி ஐந்து. மாவின் அட்டகாசம் மன்னிக்கப்பட்டது.

"அடுத்த ஞாயிறும் வாங்கோ" என்றாள் அவள். "இரண்டுக்கும்."

வந்தான். அந்தக் கோடை முழுவதும் வந்தான்.

கழகத்துத் துவக்கு, பக்கத்திலேயே காவலாக ஹெர் புர்க்கி, முன்னால் ஐம்பது மீற்றர் புல். ரவை சின்னது என்பதால் காற்று அதை நினைத்த பக்கம் தள்ளிவிடும். அதற்காகத்தான் புல்வெளியில் குச்சிகளில் பட்டு நாடாக்கள் கட்டியிருந்தார்கள். நாடா இடப்பக்கம் பறந்தால் பொறு. துள்ளினால் பொறு. எல்லாம் ஒன்றாகச் சோர்ந்து தொங்கும் அந்த ஒரு கணத்துக்காகப் பொறு. துவக்கின் பின்பக்கத்தைத் தாங்கும் சின்னப் பைக்குள் மணல் இறுகிப் போகிறது என்று அவள் குறைப்பட்டபோது, அவன் அதற்குள் உழுந்தை நிரப்பித் தைத்துக் கொடுத்தான். துவக்கு அதில் அசையாமல் படுத்தது. "உழுந்தை வைச்சு எப்பிடிச் சுடுறது எண்டு அண்டைக்குக் கேட்டனான் எல்லோ... விளங்கீட்டுது" என்று அவள் சொன்னாள்.

ஆனியில் ஒருநாள், கோப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அவள் கேட்டாள். "ஒரு பொம்பிளைப் பிள்ளை துவக்குத் தூக்குறாளே எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை?"

"கேக்க விருப்பம்தான். கையிலை துவக்கு இருக்கிற ஆளிட்டை என்னெண்டு கேக்கிறது?"

சிரித்தாள். பிறகு கைகளைத் துடைத்துவிட்டு அவன் முன்னால் நீட்டினாள். "ஊரிலை இருந்து வந்த நேரம் இந்தக் கை நிக்காது. விடுதியிலை ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினாலும் நடுங்கும். இஸ்திரிப் பெட்டி விழுந்து காலையும் சுட்டது. இஞ்சை இந்த மேசையிலை இருந்தால் மட்டும் நடுங்காது. ஏனெண்டு தெரியுமோ? சத்தம் எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும். நான்தானே வெடி வைக்கிறன்."

நீட்டிய விரல்கள் ஏரித் தண்ணீர்போல அசையாமல் இருந்தன. பிடிக்கலாமா... தில்லைநாதன் ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த கோப்பை.

எல்லாவற்றையும் குழப்பியது ஒரு சொல்.

ஆவணியில் ஒத்திகைப் போட்டி. தோசை சாப்பிட யோகராஜாவும் வந்திருந்தான். ஹெர் புர்க்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்: மூன்றாம் மேசைக்கு அடுத்த 'பார்', கௌரி, தில்லா! இந்த நாட்டு மொழியில் 'பார்' என்றால் சோடி. செருப்புக்கும் பார், காலுறைக்கும் பார், சேர்ந்து சுடுகிறவர்களுக்கும் பார். ஆனால் யோகராஜா அந்தக் கிழமைதான் மொழி வகுப்பில் 'பார்' என்றால் கணவனும் மனைவியும் என்று படித்திருந்தான். பெடியன் தோசையை அப்படியே வைத்துவிட்டுத் தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினான்.

செய்தி அந்தக் கூண்டில் இருந்து புறப்பட்டபோது 'சோடி'யாக இருந்தது. பெர்ன் பக்கத்துப் பூம்ப்ளிஸில் 'நிச்சயதார்த்தம்' ஆனது. வேறு மாநிலத்து ஊஸ்டரில் உணவகம் ஒன்றில் வேலை செய்யும் ஜெயகௌரியின் அண்ணன் இரவீந்திரனின் காதில் விழுந்தபோது, பதிவுத் திருமணம் முடிந்து கேக்கும் வெட்டியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு இரவீந்திரன் வந்து இறங்கினார். வந்தவர் முதலில் பார்த்தது, தங்கை துவக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சியை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே பிள்ளை ஓடி வந்தனாங்கள்?" அவர் குரல் கோபத்தைவிடக் களைப்பாக இருந்தது. "இஞ்சை வந்து நீயே தூக்குறியோ?"

"அண்ணை, இது கடதாசி. கடதாசிக்கு நோகாது."

"அதை விடு. இவர் ஆர்?"

எல்லோரும் தில்லைநாதனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அந்தக் கண்களில் ஒரு கேள்வி இருந்தது... ஆனால் அவன் கண்டது அண்ணனின் முகத்தை மட்டும். அவளுடைய பெயர் கெடக்கூடாது என்ற ஒரே நினைப்பில், நாடகத்துக் கதாநாயகன்போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்:

"அண்ணை, சனம் கதைக்கிறது எல்லாம் பொய். எனக்கும் உங்கடை தங்கச்சிக்கும் ஒண்டுமில்லை. துவக்கு மட்டும்தான்."

மிகப் பெருந்தன்மையான பேச்சு. பேசி முடித்துவிட்டு அவளைப் பார்த்தான். கண்களில் இருந்த கேள்வி அணைந்துபோயிருந்தது.

"ஓம்" என்றாள் ஜெயகௌரி. "துவக்கு மட்டும்தான்."

அண்ணன் ஊஸ்டரில் அவளுக்கு வேலை பார்த்துவிட்டாராம். மாநிலம் மாற அனுமதியும் எடுத்துத் தருவாராம். "போட்டிக்குப் பேர் குடுத்திட்டன். அதை முடிச்சிட்டு வாறன்" என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். பிறகு வந்த ஞாயிறுகளில் அவள் காற்றைப் பற்றி மட்டும் பேசினாள். தில்லைநாதன் சுட்ட தோசைகள் சரித்திரத்தில் முதன்முறையாகக் கருகின.

'சொல்லித் துலையேன்ரா' என்று தன்னையே திட்டிக்கொண்டான். 'சொன்னால், அண்டைக்கு அண்ணைக்குப் பொய் சொன்னவன் ஆவாய். சொல்லாட்டில், ஊஸ்டர் புகையிரதத்துக்குக் கை காட்டுறவன் ஆவாய்.' இரண்டுமே வடிவான வேலையாகத் தெரியவில்லை.

போட்டி நாளும் வந்தது. மலைகளின் உச்சியில் புதுப் பனி, புல்வெளியில் வெயில், நாடாக்களைச் சும்மா விடாத காற்று. சோடிப் போட்டியின் விதி சுலபமானது. ஒருவர் சுடுவார், மற்றவர் பக்கத்தில் இருந்து காற்றைப் பார்த்துச் சொல்வார். பிறகு இடம் மாறுவார்கள். தில்லைநாதன் தன் அட்டையை முடித்துவிட்டான். மோசமில்லை. எல்லா ரவைகளும் சொந்த அட்டையில்தான் போயிருந்தன.

இப்போது அவள் முறை. கயிற்றுக்குப் பின்னால் இரவீந்திரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காலடியில் அவளுடைய பெட்டி. பின்னேரப் புகையிரதம்.

அடுத்த மேசைக்காரர் சுட்டார். டப்! இரவீந்திரனின் தோள் துள்ளியது. ஒரு கை தானாகத் தலைக்குப் போனது. வெட்கத்தோடு கையை இறக்கியவர், தங்கையைப் பார்த்தார். அவள் இமைகூட அசையவில்லை. விசையின் பக்கத்தில் அந்த விரல், வரைந்து வைத்ததுபோல... அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அட்டையின் கடைசி வட்டம். கடைசி ரவை.

"இடப்பக்கக் காத்து" என்றான் தில்லைநாதன். "பொறுங்கோ."

"ம்."

நாடாக்கள் துள்ளின. ஹெர் புர்க்கியின் கையில் கடிகாரம் ஓடியது. இந்த ரவை போனால் அவளும் போய்விடுவாள். காற்று எவ்வளவு நேரம் வீசுகிறதோ, அவனுக்கு அவ்வளவுதான் நேரம்.

"அண்டைக்கு அண்ணைக்கு முன்னாலை, ஒண்டுமில்லை எண்டு சொன்னனான் எல்லோ..."

"காத்தைச் சொல்லுங்கோ."

"காத்து இன்னும் இடப்பக்கம்தான். அது பொய்."

"காத்தோ?"

"நான் சொன்னது. ஒண்டுமில்லை எண்டது பச்சைப் பொய். கனக்க இருக்கு. திங்கள், செவ்வாய் எல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்கிற நாள்கள். நீங்கள் ஊஸ்டருக்குப் போனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, கௌரி. சரியாப் பிடிச்சிருக்கு... நிண்டிட்டுது காத்து. இப்ப!"

டப்.

அவள் தொலைநோக்கியைப் பார்க்கவில்லை. துவக்கைத் திறந்து, வெறுமையாக இருப்பதைக் காட்டி வைத்துவிட்டு, காதுமூடியை மெதுவாகக் கழற்றினாள். கன்னம் சிவந்திருந்தது. துவக்குக் கட்டை அழுத்திய அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு கன்னத்திலும் எப்படி?

"என்ன சொன்னனீங்கள்? காது மூடியிருந்தது. கேக்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ."

"காத்து மட்டும் கேட்டதோ உனக்கு?" என்றார் பின்னால் இருந்து இரவீந்திரன்.

தில்லைநாதன் எழுந்து நின்றான். துவக்குகள் எல்லாம் ஓய்ந்திருந்தன. கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திருப்பிச் சொன்னான், இந்த முறை எதிர்மலைக்கும் கேட்கிறதுபோல. அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் ஹெர் புர்க்கி தொப்பியைக் கழற்றினார்.

இரவீந்திரன் கயிற்றைத் தாண்டி வந்தார். தங்கையின் வலக்கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பத்திலை இருந்து இது நடுங்கேல்லை?"

"கனநாளா, அண்ணை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் துவக்கைப் பாத்தனீங்கள். கையைப் பாக்கேல்லை."

அவர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார். பிறகு தில்லைநாதனிடம் திரும்பினார். "ஏன் தம்பி, இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் அந்த அனுமதிக்கு இத்தினை வாசல்படி ஏறியிருக்கத் தேவையில்லையே. சரி... ஊஸ்டர் முதலாளிக்கு வேறை ஆள் பாக்கச் சொல்லுறன். பெட்டியை ஆர் திருப்பித் தூக்குறது? நான் தூக்கமாட்டன்."

முடிவுகளை வாசித்தார்கள். முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு. அவர்களுக்கு நான்காவது இடம். அதைக் கேட்க இருவரும் அங்கே இல்லை.

புல்வெளியின் ஓரமாகப் பேருந்துத் தரிப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அவன் தோளில் அவளுடைய பெட்டி. அண்ணன் மரியாதையான தூரத்தில், ஏரியில் இல்லாத மீன்களை எண்ணியபடி பின்னால். இவ்வளவு நேரம் ஊருக்கே கேட்கப் பேசியவன் இப்போது பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தான். பதில் இன்னும் அவள் சொல்லவில்லையே... கேட்கலாமா... மூன்றாம் தடவை சொல்லச் சொல்வாளோ...

ஜெயகௌரி நடையை நிறுத்தினாள். அவனைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

"நீர் காலமை சாப்பிட்டனீரோ?"

நீர்!

வைகாசியில் இருந்து புரட்டாதி வரை 'நீங்கள்', 'வாங்கோ', 'பொறுங்கோ' என்று எட்ட நின்ற வாய், ஒரே எட்டில் பக்கத்தில் வந்து நின்றது. ஊரில் இந்தச் சொல்லைப் பெண்கள் எல்லோருக்கும் சொல்ல மாட்டார்கள். ஒருவனுக்குத்தான் சொல்வார்கள்.

காலையில் அவன் பாண், முட்டை, அதற்கு மேல் பயத்தில் யோகராஜாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தான்.

"இல்லை" என்றான் தில்லைநாதன். "நீர்?"